கண்ணு நரம்பு பல்லுல இல்ல: தாடை விஷயத்துல நாம பண்ற தப்புகள்

போன மழைக்காலத்துல பல் டாக்டரான எங்கிட்ட ஒரு அண்ணாச்சி வந்தாரு, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவரு, மேல் கடவாய்ப்பல்லு உடைஞ்சு உள்ள சீழ் கட்டி கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு, மூணு வாரமா வலி மாத்திரையப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிருக்காரு. ஏன் இவ்வளவு நாளா வரலன்னு கேட்டா, "மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு நரம்பு போயிரும்னு எல்லாரும் சொல்லுதாவளே சாரே, விடியக்காலம் ஹெட்லைட்ட கட்டிக்கிட்டு பால் வெட்டுத ஆளாக்கும் நான், கண்ணு போனா பிள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா?"ன்னாரு. சிரிக்க முடியல, ஏன்னா இதையே வாத்தியாருங்க, பேங்க்ல வேலை பாக்குறவங்க எல்லாரும் கேட்டிருக்காங்க, அவராவது வாய்விட்டுக் கேட்டாரு.

பார்வைக்கு உள்ள நரம்பு வேற, பல்லுக்கு உள்ள நரம்பு வேற. மூளையில இருந்து 12 ஜோடி நரம்பு வெளிய வருது, அதுல ரெண்டாவது தான் பார்வை நரம்பு, கண்ணுக்குப் பின்னாடியே மூளைக்குப் போயிரும், பல்லுப் பக்கம் எட்டிக்கூட பாக்காது. பல்லுக்கு வர்றது அஞ்சாவது, ட்ரைஜெமினல்னு பேரு, அது மூணாப் பிரியும்: ஒண்ணு நெத்திக்கும் கண்ணு பக்கத்துக்கும், ரெண்டாவது மேல் தாடைக்கு, மூணாவது கீழ் தாடைக்கு. அப்போ இந்த வதந்தி எங்கருந்து வந்துச்சுன்னா, மேல் தாடைக்குப் போற கிளை கண்ணுக்குழியோட தரைக்குள்ள ஒரு பள்ளத்துல ஓடி, கண்ணுக்குக் கீழ சுமார் 1 செ.மீ தள்ளி ஒரு சின்ன ஓட்டை வழியா கன்னத்துக்கு வருது, அதனால மேல் முன்பல்லுக்கு ஊசி போட்டா சில நேரம் கீழ் இமையும் மூக்கோரமும் மரத்துப் போகும். மரத்துப்போனவரு வீட்டுல போய் "கண்ணே இல்லாத மாதிரி இருக்கு"ன்னு சொல்ல, அது ஊரு சுத்தி வரும்போது கண்ணு போயிருச்சுன்னு ஆயிரும்.

உண்மையில பயப்பட வேண்டியது நேர் எதிரான விஷயத்துக்கு. முகத்துல உள்ள சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டு போற குழாய்கள், கண்ணு வழியா மூளைக்கு அடியில ரத்தம் தேங்கிப் போற கேவர்னஸ் சைனஸ்ங்கிற இடம் வரைக்கும் தொடர்பு உள்ளது, இதுல ரத்தம் ரெண்டு பக்கமும் ஓடலாம், அதனால சீழ் பிடிச்ச பல்லை எடுக்காம வச்சிருந்தா தான் கண்ணுக்கு ஆபத்து. அபூர்வமா தான் நடக்கும், ஆனா நடந்தா உயிருக்கே பிரச்சினை. மூக்குல இருந்து ரெண்டு வாய் ஓரம் வரைக்கும் உள்ள முக்கோணத்துல வர்ற கொப்புளத்தை நகத்தால கிள்ளாதீங்கன்னு சொல்றதும் இதனால தான்.

எனக்கு என்ன தோணுதுன்னா, பாதிக் குழப்பம் நம்ம பேச்சுல இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே பேரு, நரம்பு. ஆஸ்பத்திரியில "கையில நரம்பு கிடைக்கல"ன்னு சொல்றது சிரை, "நரம்பு வெட்டுப்பட்டு ரத்தம் பீச்சுச்சு"ன்னா தமனி, "நரம்பு சுளுக்கிட்டு"ன்னா தசை, "நரம்புத் தளர்ச்சி"ன்னா அது என்னன்னு சொல்றவருக்கே தெரியாது. தமனியும் சிரையும் ரத்தம் போற குழாய், நரம்பு கரண்டு வயரு மாதிரி, வெட்டுப்பட்டா சொட்டு சொட்டா ஒழுகாது, மரத்துப் போகும் இல்லன்னா அசையாது. எது அடிபட்டுச்சுன்னு சரியாச் சொன்னா தான் டாக்டருக்கும் பாதி வேலை முடியும்.

இன்னொரு கூத்து, நம்ம ஊர்ல மோவாய்க்கே பேரு நாடி, கையில பிடிச்சுப் பாக்குறதும் நாடி. தாடையிலயும் ஒரு நாடி இருக்கு, இப்பவே பாத்துருங்க. பல்லை இறுக்கிக் கடிங்க, கன்னத்துக்குப் பின்னாடி ஒரு தசை உருண்டையா எழும்பும், அதோட முன் ஓரத்துல, தாடை எலும்போட கீழ் விளிம்புல விரலை பைய வைங்க, அமுக்கக் கூடாது, கடிச்சதையும் விட்டுருங்க, கொஞ்ச நேரத்துல துடிக்கிறது தெரியும். அது ஃபேஷியல் ஆர்ட்டரி, கழுத்துல இருந்து வந்து எலும்பைத் தாண்டி முகத்துக்கு ஏறுற இடம், அதுக்கு ஒட்டுன மாதிரி பின்னாடி சிரை இறங்குது. இது ரெண்டுக்கும் மேல குறுக்க ஒரு மெல்லிய நூலு போகுது, முகத் தசைகளை அசைக்கிற ஏழாவது நரம்போட கிளை, மார்ஜினல் மேண்டிபுலர்னு பேரு, கீழ் உதட்டோட ஓரத்தை இழுக்கிறது அதோட வேலை.

இந்த இடத்துல தான் சிலரு சீழ்க்கட்டியை பிளேடு வச்சு வீட்டுலயே கீறி விடுறாங்க, தயவுசெஞ்சு அந்த வேலை வேண்டாம். டிங்மன், கிராப்னு ரெண்டு சர்ஜன்கள் 1962ல செத்தவங்களோட 100 பாதி முகங்களை அறுத்துப் பாத்து எழுதினாங்க, தமனிக்குப் பின்னாடி உள்ள பகுதியில 19 சதவீதத்துல இந்த நரம்பு எலும்பு விளிம்புக்குக் கீழ 1 செ.மீ வரைக்கும் தொங்குது. அதனால தான் சர்ஜன்கள் விளிம்புல கத்தி வைக்காம சுமார் 2 செ.மீ கீழ இறங்கி வெட்டுவாங்க. அந்த நூலு போச்சுன்னா சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் இறங்காம கோணும். இதை நம்ம பால் வெட்டுற அண்ணாச்சிகிட்ட சொன்னப்போ, "பட்டையில பால் இருக்கு, அதுக்கு உள்ள தடியில கத்தி பட்டா மரமே காயம்லா சாரே, எங்க வேலையும் இதாக்கும்"ன்னாரு. நான் ஜூனியர்களுக்கு ஒரு மணி நேரம் எடுத்த பாடத்தை அவரு ஒரு வரியில முடிச்சிட்டாரு.

பல் டாக்டருக்கு, அதாவது பிடிஎஸ், படிக்கிற பிள்ளைகளும் ரெண்டு மூணு இடத்துல எப்பவும் விழுவாங்க. மென்டல் நரம்புக்கும் மனசுக்கும் சம்பந்தம் இல்ல, லத்தீன்ல மென்டும்னா மோவாய், அவ்வளவு தான். பக்கல்னு பேருல ரெண்டு நரம்பு இருக்கு: அஞ்சாவது நரம்போட லாங் பக்கல் கன்னத்துக்கு உணர்ச்சி குடுக்கும், ஏழாவதோட பக்கல் கிளை கன்னத்துத் தசை பக்சினேட்டரை அசைக்கும். மெல்லும்போது உதவுற தசை தானேன்னு பக்சினேட்டரையும் அஞ்சாவதுல சேத்து எழுதி வருஷா வருஷம் மார்க்க விடுறாங்க.

இனி என் சொந்தத் தப்பு. ஹவுஸ் சர்ஜனா, அதாவது பயிற்சி டாக்டரா, இருந்த காலம், கீழ் கடவாய்ப்பல்லுக்கு ஊசி போடுறேன். இந்த ஊசி தாடை எலும்போட உள்பக்கம் நரம்பு எலும்புக்குள்ள நுழையிற ஓட்டை பக்கத்துல மருந்து விடணும், ஊசி முனை எலும்புல தட்டணும், தட்டினா தான் சரியான இடம். எனக்குத் தட்டல, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு பின்னாடி தள்ளிட்டுப் போய் மருந்தை விட்டுட்டேன். பத்து நிமிஷத்துல அந்த அக்காவுக்கு ஒரு பக்கம் முகம் தொங்கிருச்சு, கண்ணை மூட முடியல, வெளிய இருந்த அவங்க வீட்டுக்காரரு பக்கவாதம்னு நினைச்சு கத்த ஆரம்பிச்சிட்டாரு. நான் மருந்தை விட்டது காதுக்கு முன்னாடி உள்ள உமிழ்நீர் சுரப்பியில, பரோட்டிட்ல, ஏழாவது நரம்பு அதுக்குள்ள தான் கிளை பிரியுது. மருந்து இறங்கினதும் ரெண்டு மூணு மணி நேரத்துல எல்லாம் சரியாச்சு, அதுவரைக்கும் கண்ணு காயாம இருக்க மூடி பஞ்சு வச்சு ஒட்டிட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எலும்பு தட்டாம மருந்து விடக்கூடாது, விடுறதுக்கு முன்ன சிரிஞ்ச பின்னாடி இழுத்து ரத்தம் வருதான்னு பாக்காமலும் விடக்கூடாது, ஏன்னா அங்க நரம்போட தமனியும் சிரையும் சேந்தே போகுது. மருந்துல அட்ரினலின் கலந்திருக்கும், அது குழாய்க்குள்ள போனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஆளு பயந்து "எனக்கு பல்லு ஊசி அலர்ஜி"ன்னு காலம் பூரா சொல்லிட்டுத் திரிவாரு. உதடு மரத்த பிறகும் பல்லு வலிச்சா நீங்களும் பல்லைக் கடிச்சுப் பொறுக்காதீங்க, சொல்லுங்க, சிலருக்கு மைலோஹயாய்டுன்னு இன்னொரு நரம்பு வழியாவும் பல்லுக்கு உணர்ச்சி வரும், இன்னொரு சின்ன ஊசி போட்டா தீரும். மரத்த வாயோட பிள்ளைகளை விட்டா உதட்டைக் கடிச்சே புண்ணாக்கிருவாங்க, ரெண்டு மணி நேரம் கண்ணு வச்சுக்கோங்க, சூடா சாயாவும் குடுக்காதீங்க.

ஞானப்பல்லு எடுத்த பிறகு நாக்கோ உதடோ மரத்தே இருந்தா "தானா சரியாகும்"னு மாசக்கணக்கா வீட்டுல இருக்கிறதும் தப்பு. பெரும்பாலும் சரியாகும் தான், ஆனா பல்லை எடுத்த டாக்டர்கிட்ட முதல் வாரமே சொல்லணும். நாக்குக்குப் போற நரம்பு அந்தப் பல்லுக்கு உள்பக்கம் ஈறுக்கு அடியிலயே போகுது, ருசி நரம்பும் அதுல சேந்து தான் வருது, அதனால ஒரு பக்கம் மீன்குழம்பு சப்புன்னு இருக்குன்னு சொன்னா அது கற்பனை இல்ல.

பைக்ல இருந்து விழுந்து நாடியில அடிபட்டா நம்ம குமரி மாவட்டத்துல முதல்ல போறது வர்ம வைத்தியம் பாக்குற ஆசான்கிட்ட. 108 வர்மம் தெரிஞ்சவங்கள நான் குறைச்சுப் பேச மாட்டேன், என் தாத்தாவுக்கு தோள்பட்டையை சரி பண்ணினது ஒரு ஆசான் தான். ஆனா அடிபட்ட பிறகு கீழ் உதடு மரத்திருந்தா, கடிச்சா பல்லு முன்ன மாதிரி சேரலன்னா, எலும்புக்குள்ள நரம்பு ஓடுற கால்வாய் வழியா உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், எண்ணெய் போட்டுத் தடவி இழுக்குறதுக்கு முன்ன எக்ஸ்ரே எடுங்க.

ரத்த ஓட்டத்துல மேல் தாடையும் கீழ் தாடையும் ஒண்ணு இல்ல. மேல் தாடை பேச்சிப்பாறை அணை, பெருஞ்சாணி அணை, பத்துக் கிளை சானல்னு தண்ணி பாயுற வயலு, கீழ் தாடை எலும்பு கடைமடை, எலும்புக்கு உள்ள பெரும்பாலும் ஒரே சானல் தான், இன்ஃபீரியர் ஆல்வியோலார் தமனி. வாய்ப் புற்றுநோய்க்கு திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரியில ரேடியேஷன் எடுத்துட்டு வர்றவங்க நம்ம பக்கம் நிறைய, "அது புகையிலையால வந்த வேற நோய், இது பல்லு"ன்னு நினைச்சு பல் டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுருவாங்க. ரேடியேஷன்ல அந்த ஓட்டமும் குறைஞ்சிருக்கும், பல்லை எடுத்த குழி ஆறாம எலும்பே செத்து வெளிய தெரியும். மோசமான பல்லுகளை ரேடியேஷனுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே எடுத்துரணும், ரேடியேஷன் எடுத்து முடிச்சவங்க எத்தனை வருஷம் ஆனாலும் பல் டாக்டர்கிட்ட சொல்லணும்.

பல்லு வலின்னு வர்ற எல்லாம் பல்லு இல்ல. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பாட்டி, ஆடிக்காத்து கன்னத்துல பட்டா போதும் ஷாக் அடிச்ச மாதிரி சில நொடி வலி, அப்புறம் ஒண்ணும் இல்ல, முகம் கழுவினாலும் அதே வலி. நாலு நல்ல பல்லைப் பிடுங்கிட்டு அஞ்சாவதுக்கு எங்கிட்ட வந்தாங்க. அது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, பல பேருக்கு மூளைத்தண்டு பக்கத்துல ஒரு தமனி அந்த நரம்பு வேர்ல சாஞ்சு தட்டிக்கிட்டே இருக்கிறதால வர்றது. சாதாரண வலி மாத்திரை அதுக்குக் கேக்காது, கார்பமசெபின் கேக்கும், அதையும் நரம்பு டாக்டர் பாத்துத் தான் குடுக்கணும். பாட்டி மீதிப் பல்லோட இப்பவும் முறுக்கு கடிக்கிறாங்க.

கடைசியா ஒண்ணு, படியேறும்போதோ வேகமா நடக்கும்போதோ இடது கீழ் தாடை வலிச்சு, உக்காந்தா குறைஞ்சு, தட்டிப் பாத்தா எந்தப் பல்லும் வலிக்கலன்னா அது நெஞ்சு வலியா இருக்கலாம். கூடவே வேர்த்துக் கொட்டினாலோ, உக்காந்தும் குறையலன்னாலோ கிராம்புத் தைலம் தேடிட்டு இருக்காதீங்க, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் ஈசிஜி எடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க, பல்லை நாளைக்கு நான் பாத்துக்கிறேன்.