போகப்போக டிசைன்: அஜைல் டீம்கள் எங்கே சறுக்குகின்றன?

"நாமதான் அஜைல் ஆச்சே, டிசைன் எல்லாம் எதுக்கு?" மென்பொருளைச் சிறு சிறு படிகளாக எழுதி, திருத்திக்கொண்டே போகும் முறைதான் அஜைல்; டிசைன் என்பது கோடின் அமைப்பைத் தீர்மானிப்பது. புது டீம்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். பெரிய தவறு இதுதான். 2001-ல் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் கொள்கைகளிலேயே, நல்ல டிசைனில் எப்போதும் கவனம் வேண்டும் என்று இருக்கிறது. அஜைல் முறைகளில் ஒன்றான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கும் டிசைனைக் கைவிடச் சொல்லவில்லை. முதல் மாதத்திலேயே முடித்துவிடாமல் தினமும் கொஞ்சம் செய்யச் சொல்கிறது.

அப்படித் தினமும் மாற்ற, தைரியம் வேண்டும். அதைத் தருவது, கோடு சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் ஆட்டோமேட்டிக் டெஸ்ட்கள். டெஸ்ட் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? தள்ளுபடி கணக்கிடும் ஃபங்ஷனைத் தொடப் பயந்து, பக்கத்தில் இன்னொரு 'இஃப்' நிபந்தனையைப் போட்டுவிட்டுப் போகிறோம். அடுத்தவரும் அதையே செய்கிறார். கொஞ்ச நாளில் அதை யாராலும் படிக்க முடியாது. செய்யும் வேலை மாறாமல் கோடின் அமைப்பை மட்டும் சீராக்கும் ரீஃபேக்டரிங்கை "அடுத்த ஸ்பிரிண்டில் (சில வார வேலைச் சுற்றில்) பார்ப்போம்" என்று தள்ளினாலும் இதே கதிதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: நாளைக்குத் தேவைப்படலாம் என்று இன்றே கட்டி வைப்பது. ஈமெயில் மட்டும் கேட்டார்கள். நாம் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு அடுக்கு எழுதி வைத்தோம். பிறகு வாட்ஸ்அப் உண்மையிலேயே வந்தபோது, நாமாக அனுப்பும் செய்திகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் வேண்டும் என்றது. நம் பொது அடுக்கில் அதற்கு இடமே இல்லை. எழுதியதைப் பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

சரி, எதையுமே முன்கூட்டி யோசிக்கக் கூடாதா? மாற்றுவது கடினமானதை யோசித்தே ஆக வேண்டும். கிளாஸ் பெயரை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டேட்டாபேஸில் பணத்தை ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்களைத் தோராயமாக வைக்கும் வகையில், சேமித்தால்? ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 0.30000000000000004 என்று வரும். ஆயிரக்கணக்கான பில்கள் ஏறிய பிறகு இதைத் திருத்துவது நரகம். அதனால் முதல் நாளே பைசாவில் முழு எண்ணாக வைத்துவிடுங்கள். நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் வைப்பது, வெளியாட்களின் புரோகிராம்கள் நம் மென்பொருளோடு பேசப் பயன்படுத்தப்போகும் ஏபிஐ-யின் வடிவம், இவையும் இந்த வகைதான். ஸ்டோரியை (பயனருக்கு வேண்டிய ஒரு சிறு வேலையை) எடுக்கும்போதே "இதைப் பிறகு மாற்றினால் யாருடைய கோடு உடையும், எந்தத் தரவை மாற்றி எழுத வேண்டும்?" என்று டீமில் ஒருவராவது கேட்கட்டும். பதில் "நம்முடையது மட்டும்" என்றால் எளிமையாக எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.