மொட்டை மாடியில் 18.2 கிலோஹெர்ட்ஸ்

"பட்டம் விடப் போறீங்களா சார்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். மாடியில் நான் சாய்த்து வைத்திருந்த மரச்சட்டம் அப்படித்தான் இருந்தது. அது மிகத் தாழ்ந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் லூப் ஆன்டெனா, அதாவது கம்பிச் சுருள். சூரியனில் நடக்கும் வெடிப்புகளைக்கூட இதை வைத்து வீட்டிலிருந்தே கவனிக்கலாம். ரேடியோப் பெட்டியே வேண்டாம், ஒரு லேப்டாப் போதும்.

1.4 மீட்டர் நீளத்தில் இரண்டு மரக்கட்டைகளைக் குறுக்காகக் கட்டினால் பக்கத்துக்கு ஒரு மீட்டர் சதுரம் கிடைக்கும். அதில் 26 கேஜ் எனாமல் கம்பியை 50 சுற்று சுற்றுங்கள். மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்குத் தருவார்கள். 200 மீட்டருக்கு 300 கிராம் போதும். முனைகளில் எனாமலை நன்றாகச் சுரண்டிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். 20 ஓம் அளவில் காட்டினால் சரி.

சுருளிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஷீல்டு கேபிள் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை போட்டது) போடுங்கள். நான் முதலில் நேராகச் சொருகிவிட்டேன். மைக்குக்காக உள்ளிருந்து வரும் டிசி மின்சாரம் சுருள் வழியே ஓடியது. ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்தால் அது நின்றுவிடும். அப்புறம், விண்டோஸ் செட்டிங்கில் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். பேச்சுக் குரலைத் தவிர எல்லாமே அதற்குக் குப்பை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

உள்ளே வரும் சிக்னலை அலைவரிசை வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் லேப் மென்பொருளில் சாம்பிள் வேகத்தை (நொடிக்கு எத்தனை முறை அளப்பது) 48,000 என்று வைத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை திரையில் தெரியும். மதுரையில் இருக்கும் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. சட்டத்தின் விளிம்பைத் தெற்கு நோக்கித் திருப்பினால் 18.2-இல் தடித்த கோடு ஒன்று எழும். சங்கேதச் செய்தி, நமக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். கோடு வந்தால் ஆன்டெனா வேலை செய்கிறது, அவ்வளவுதான். வராவிட்டால், மின் இரைச்சல் கிளப்பும் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். என் வீட்டில் குற்றவாளி மாடிப்படி விளக்கு.

சூரியனைக் கவனிக்க இந்த நிலையம் உதவாது. பக்கத்தில் இருப்பதால் அலை பெரும்பாலும் தரையோடு வந்துவிடும். வானத்தில் பட்டுத் திரும்பி வருவதுதான் வேண்டும். அதற்குச் சட்டத்தைத் தென்கிழக்காகத் திருப்பி, 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்திலிருந்து 19.8-இல் வரும் நிலையத்தைப் பிடியுங்கள். பகலில் சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால், அதன் எக்ஸ் கதிர்கள், ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் வான் அடுக்கான அயனி மண்டலத்தின் அடித்தட்டை மாற்றிவிடும். சிக்னலின் பலத்தைக் காட்டும் வரைபடம் சில நிமிடங்களில் சட்டென்று மாறும், அப்புறம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும்.

முதல் ஒரு வாரம் எதையும் தொடாமல் ஓடவிடுங்கள். விடியலிலும் அந்தியிலும் வரைபடத்தில் பள்ளங்கள் விழும். அவை தினசரி வருபவை. நான் முதல் பள்ளத்தைப் பார்த்ததும் சூரியன் வெடித்துவிட்டது என்று நண்பருக்குப் போன் போட்டேன். மணி காலை ஆறேகால்.