மூன்று வைத்தாலும் ஒன்றுதான்

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்த ஒரு டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. இறக்கையிலும் வாலிலும் உள்ள திருப்பும் பலகைகளை எண்ணெய் அழுத்தத்தால் அசைப்பது ஹைட்ராலிக் அமைப்பு. அந்த விமானத்துக்கு அது மூன்று. ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. ஆனால் மூன்றின் குழாய்களும் வால் பகுதியில் அந்த எஞ்சினுக்கு அருகே ஓடின. உடைந்த எஞ்சினும் அதன் துண்டுகளும் மூன்றையும் சேர்த்தே காலி செய்தன. மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே விமானிகள் சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். இருந்தும் 296 பேரில் 112 பேர் பிழைக்கவில்லை.

நம்பகத்தன்மைக் கணக்கில் முதல் தவறு இங்கேதான். ஒரு பம்பு தேவைப்படும் நேரத்தில் ஓடாமல் போக ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வைப்போம். இரண்டு இருந்தால் பத்து லட்சத்தில் ஒன்று, மூன்று இருந்தால் நூறு கோடியில் ஒன்று என்று பெருக்கிக்கொண்டே போவார்கள். ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பே இல்லையென்றால் பெருக்கலாம். ஒரே வெள்ளம், ஒரே மின்பலகை, எல்லா நட்டையும் ஒரே மாதிரி தப்பாக முறுக்கிய ஒரே மெக்கானிக்: பழுதுகளில் 5 சதவீதம் இப்படி எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்ப்பவை என்று கணக்கில் சேருங்கள். இரண்டு பம்பும் சேர்ந்தே ஓடாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒன்று. மூன்றாவது பம்பு வாங்கினாலும் அதே இருபதாயிரம்தான்! அந்தக் காசுக்கு இரண்டாவதை வேறு அறையில், வேறு மின்தடத்தில் வைத்திருக்கலாம்.

மென்பொருளில் இது இன்னும் மோசம். 1996-ல் ஏரியன் 5 ராக்கெட்டின் திசையறியும் கருவிகள் இரண்டிலும் ஒரே நிரல். நிரலில் ஒரு எண் தனக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காத அளவுக்குப் பெரிதானதும் மாற்றுக் கருவிதான் முதலில் நின்றது. கண்ணிமைப்பதற்குள் முதன்மைக் கருவியும் நின்றது.

உகப்பாக்கத்துக்கு, அதாவது நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த வடிவமைப்பைக் கணினியால் தேடுவதற்கு, வருவோம். எடையைக் குறை என்றால் கணினி தகட்டைத் தாங்கும் எல்லைவரை தேய்த்துக் கொடுக்கும். அதன் வேலை அது. வலிமைக்கும் சுமைக்கும் சராசரியை மட்டும் ஊட்டியிருந்தால், உருப்படிகளில் ஏறக்குறைய பாதி எல்லைக்கு வெளியே விழும். பிறகு 1.5 என்று ஒரு பாதுகாப்புக் காரணியைப் போட்டு, அதாவது சுமையைப் போல ஒன்றரை மடங்கு தாங்கட்டும் என்று, மூடுவார்கள். உருப்படிக்கு உருப்படி வலிமை மாறும் சிதறல் அதிகமுள்ள வார்ப்பிரும்புக்கும் உருட்டிய எஃகுக்கும் ஒரே 1.5 எப்படிப் பொருந்தும்? சிதறலை முதலில் அளந்து, எல்லை மீறும் வாய்ப்பையே நிபந்தனையாகக் கொடுக்க வேண்டும்.

“இதுவரை ஒன்றும் ஆகவில்லையே” என்பது இன்னொன்று. அமெரிக்க விண்ணோடம் 24 முறை பறந்து 24 முறையும் திரும்பியது. அந்த 24-ஐ மட்டும் வைத்து 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிந்தது, தோல்வி வாய்ப்பு சுமார் எட்டில் ஒன்றைத் தாண்டாது என்பதே. நாசா நிர்வாகத்தில் புழங்கிய எண் லட்சத்தில் ஒன்று. 25-ஆவது பயணம், 1986 ஜனவரி 28: சேலஞ்சர் விண்ணோடம் வானிலேயே சிதறியது.