ரிங் ஃபிட்டும் பீரோ கண்ணாடியும்: வீடியோ கேம் வைத்து வீட்டிலேயே உடற்பயிற்சி

வீடியோ கேமை நம்பி உடம்பைத் தேற்றப் போகிறீர்கள் என்றால், விலையை விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கருவிக்கு உங்கள் உடம்பில் எந்த இடம் தெரிகிறது? எந்த இடம் தெரியாது? இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜஸ்ட் டான்ஸ் என்ற நடன ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டையோ போனையோ வலது கையில் பிடித்துக்கொண்டு, திரையில் ஆடுபவரைப் பார்த்து ஆட வேண்டும். அதற்குத் தெரிவது அந்த வலது கை மட்டும்தான். என் மகள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் முறுக்கு தின்றுகொண்டே, வலது கையை மட்டும் ஆட்டி என்னைவிட அதிகப் புள்ளி எடுப்பாள். வியர்த்து விறுவிறுத்து நிற்பது நான். 2010-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கினெக்ட் கேமராவிடம் இந்த ஏமாற்று வேலை நடக்காது, அது முழு உடம்பையும் பார்க்கும். ஆனால் 2017-லேயே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நிண்டெண்டோவின் வீ என்ற கேம் கருவிக்காக 2007-ல் ஜப்பானில் வந்த வீ ஃபிட் ஆட்டத்தில் ஏறி நிற்கும் பலகைக்குத் தெரிந்தது நம் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கையைப் பார்க்கும், அல்லது தொடையைப் பார்க்கும். மீதி உடம்புக்கு நாம்தான் பொறுப்பு.

எனக்கு வயது 44. ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலி வேலை. மேற்கு மாம்பலத்தில் மாடியில் வாடகை வீடு, கீழே ஹவுஸ் ஓனர் மாமி. நான் பயன்படுத்துவது நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியில் ஓடும் ரிங் ஃபிட் அட்வென்சர். 2019 அக்டோபரில் வந்த ஆட்டம். வேறு எதையும்விட இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதில் ஒரு வளையம் வருகிறது. இரண்டு கையாலும் அதை அழுத்தலாம், இழுக்கலாம், அது எதிர்த்துத் தள்ளும். வெறும் காற்றில் கை வீசுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். ஸ்விட்சின் இரண்டு பக்கமும் கழற்றி மாட்டும் சின்ன ரிமோட்டுகளுக்கு ஜாய்கான் என்று பெயர். வலது ஜாய்கான் வளையத்தில் மாட்டிக்கொள்ளும், இடது ஜாய்கான் இடது தொடையில் கட்டும் பட்டைக்குள் போகும். நின்ற இடத்திலேயே ஓடினால் திரையில் உள்ள ஆள் ஓடுவான். பூதங்கள் வந்தால் ஸ்குவாட் (முட்டி மடக்கி உட்கார்ந்து எழுவது), பிளாங்க் (குப்புற இருந்து உடம்பை நேராகத் தாங்கிப் பிடிப்பது), யோகாசனம் என்று செய்துதான் அடிக்க வேண்டும். டிராகோ என்று ஒரு வில்லன், பயில்வான் உடம்போடு ஒரு டிராகன். கதை சின்னப் பிள்ளைகளுக்கானதுதான். ஆனால் அடுத்த ஊரில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான் காலையில் என்னை எழுப்புகிறது. டம்பெல் என்னை ஒரு நாளும் எழுப்பியதில்லை.

வாங்கும்போது

சென்னையில் ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. கடைக்காரர் தரும் வாரன்டிதான் வாரன்டி, அதை பில்லில் எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் ரிங் ஃபிட் 79.99 டாலருக்கு வெளியானது. இங்கே அதைவிட எவ்வளவு கூடச் சொல்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பேரம் பேசலாம். பெட்டிக்குள் கேம் கார்டு, வளையம், தொடைப் பட்டை மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழையது வாங்கினால் பட்டையின் வெல்க்ரோ ஒட்டுகிறதா என்று இரண்டு தடவை பிரித்து ஒட்டிப் பாருங்கள்.

ஸ்விட்ச் லைட் வாங்கிவிடாதீர்கள். அதில் ஜாய்கான் தனியாகக் கழலாது, டிவியிலும் இணைக்க முடியாது. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-ல் இந்த ஆட்டம் ஓடும், ஆனால் அதன் புது ஜாய்கான் வளையத்தில் பொருந்தாது. பழைய ஜாய்கான் ஒரு ஜோடி தனியாக வேண்டும்.

இடமும் உடையும்

இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி ஒரு சுற்று சுற்றினால் எதுவும் இடிக்கக் கூடாது. படுத்தால் கால் டீப்பாயில் முட்டக் கூடாது. எல்லாரும் மறப்பது தலைக்கு மேலே இருப்பதை. வளையத்தைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சிகள் நிறைய உண்டு. ஃபேன் தாழ்வாகத் தொங்கும் வீட்டில் உயரமான ஆள் ஃபேனுக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. லாஃப்ட் ஓரமும் அப்படித்தான்.

மொசைக் தரையில் ஜமுக்காளமோ பாயோ விரித்து ஓடாதீர்கள், வழுக்கும். அடியில் ரப்பர் பிடிப்புள்ள கெட்டியான யோகா மேட் வாங்குங்கள். சென்னை வியர்வைக்குக் கையோடு ஒரு துண்டும் வேண்டும். தரையில் சொட்டியதை அவ்வப்போது துடைத்துவிடுங்கள், அதில் கால் வைத்தால் ஆபத்து.

பெண்களுக்கு ஒரு விஷயம். நைட்டி மேல் தொடைப் பட்டையைக் கட்டவே முடியாது. தொளதொளவென்ற சல்வார் மேல் கட்டினால் ஓட ஓட அது முழங்காலுக்கு இறங்கிவிடும். அப்புறம் நாம் சரியாகச் செய்தாலும் ஆட்டம் ஏற்றுக்கொள்ளாது. ஒட்டினாற்போல் இருக்கும் லெக்கிங்ஸோ டிராக் பேன்ட்டோ போட்டு, தொடையின் நடுவில், ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். வளையத்தின் கைப்பிடித் துணி கழலும். வாரம் ஒரு முறை அதையும் பட்டையையும் கையால் அலசிப் போட்டால் நாற்றம் வராது. ஜாய்கானை எடுத்துவிட்டுத்தான்.

முதல் நாள்

ஆட்டம் உங்கள் வயது, எடையெல்லாம் கேட்கும். வளையத்தை முழு பலத்தோடு அழுத்தச் சொல்லி அளக்கும். கடினம் 1 முதல் 30 வரை போகும். பெரிய எண்ணில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. ஒரு பயிற்சி முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்ற வேண்டும், அதுதான் உங்கள் எண். முட்டி, முதுகு, தோள், வயிறு இவற்றில் எங்கே பிரச்சினை இருக்கிறதோ அதற்கு உதவி அமைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் அந்த இடத்துக்குச் சிரமம் தரும் அசைவுகள் குறையும். வெட்கப்படாமல் போடுங்கள்.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், இதயப் பிரச்சினை உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கருவிக்குத் தெரியாததை யார் பார்ப்பது?

ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்வோம். தொடை எவ்வளவு சாய்ந்தது என்பது பட்டைக்குத் தெரியும். தொடை படுத்ததும் ஆட்டம் கைதட்டும். ஆனால் முட்டி இரண்டும் உள்பக்கம் மடங்குகிறதா, குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா, முதுகு வளைந்து கூன் விழுகிறதா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. இப்படித் தப்பும் தவறுமாக ஐம்பது போட்டாலும் பாராட்டுத்தான். மறுநாள் முட்டி வலிக்கும்.

இதற்கு என் வழி, கண்ணாடி வைத்த எங்கள் ஸ்டீல் பீரோ. நான் நிற்கும் இடத்துக்குப் பக்கவாட்டில், என் பக்கவாட்டு உருவம் தெரியும்படி அதைத் திருப்பி வைத்திருக்கிறேன். கீழே இறங்கும்போது பார்வையை ஒரு நொடி அங்கே ஓட்டினால் போதும். பின்னால் முக்காலி இருப்பதுபோல் இடுப்பு முதலில் பின்னுக்குப் போகிறதா, பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்கிறதா, நெஞ்சு நிமிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். முட்டியை நேரே குனிந்து பார்க்கலாம், கால் விரல்கள் எந்தப் பக்கம் நோக்குகின்றனவோ அந்தப் பக்கமே அதுவும் போக வேண்டும். கண்ணாடி இல்லாதவர்கள் போனை நாற்காலி மேல் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

பிளாங்கிலும் இதே கதைதான். இடுப்பு தொங்கினால் கருவி கண்டுகொள்ளாது, கீழ் முதுகு கண்டுகொள்ளும். ஓட்டத்தில் இடது காலில் மட்டும்தான் பட்டை இருக்கிறது. களைத்துப்போனால் வலது கால் சோம்பேறியாகும், தூக்குவதுபோல் பாவனை காட்டும். அதைக் கவனித்து இரண்டு முட்டியையும் ஒரே உயரத்துக்குத் தூக்குங்கள்.

கீழ் வீடு

"என்னம்மா, மேலே உரலை உருட்டுறீங்களா?" என்று மாமி படியேறி வந்து கேட்டார். அமைப்புகளில் சத்தமில்லா முறை என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் ஓடுவதற்குப் பதிலாக முட்டியை லேசாக மடக்கி மடக்கி எழுந்தால் போதும். திரை ஆள் அதே வேகத்தில் ஓடுவான். தொடை இன்னும் அதிகமாகவே எரியும், ஆனால் மாமிக்குத் தூக்கம் கெடாது. மாடி வீட்டில் இருப்பவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

குத்துச்சண்டை நாட்கள்

வாரத்தில் இரண்டு நாள் ஃபிட்னஸ் பாக்ஸிங் என்ற இன்னொரு ஸ்விட்ச் ஆட்டத்தைப் போடுகிறேன். இரண்டு கையிலும் ஜாய்கான், பாட்டின் தாளத்துக்குக் குத்த வேண்டும். மூச்சு வாங்க வைப்பதில் ரிங் ஃபிட்டைவிட இது மேல். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். முன்னால் குத்துப்பை எதுவும் இல்லை, கையைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. வேகமாக வீசினால் முழங்கை கடைசி வரை நீண்டு சுளுக்கிக்கொள்ளும். கை முழுதாக நீள்வதற்குக் கொஞ்சம் முன்பே திருப்பி இழுங்கள். பலம் தோளிலிருந்து மட்டும் வரக் கூடாது, பின் பாதம் திரும்பி, இடுப்பு திரும்பி, அப்புறம்தான் கை போக வேண்டும். கருவி கையை மட்டும்தான் பார்க்கிறது, இடுப்பைத் திருப்பாமலே முழுப் புள்ளி வாங்கலாம். ஆனால் இடுப்பிலிருந்து குத்தினால்தான் வயிறு வேலை செய்யும்.

மணிக்கட்டு வாரைக் கட்டாமல் ஆடவே கூடாது. 2006-ல் வீ வந்த புதிதில் ரிமோட் பறந்து டிவி உடைந்த கதைகள் உண்டு. வார்கள் அறுந்து போகின்றன என்று நிண்டெண்டோ அப்போது சுமார் 32 லட்சம் வார்களை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி என்று இருக்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. இங்கே ஒரு கணக்கு இடிக்கும். டிவி முன்னால் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு மணி நேரம் பயிற்சி ஆகாது. பூதம் வசனம் பேசும் நேரம், மெனுவில் மேயும் நேரம், ஆட்டத்துக்குள் ஸ்மூத்தி தயாரிக்கும் நேரம் எல்லாம் போய்விடும். ரிங் ஃபிட் உடம்பு அசைந்த நேரத்தைத் தனியாகக் காட்டும், எனக்கு அது ஏறக்குறைய பாதிதான் வருகிறது. அந்த எண்ணை வைத்து வாரக் கணக்கு எழுதுங்கள். கலோரி எண்ணை நம்பி இரண்டு மெதுவடை கூடச் சாப்பிட வேண்டாம், அது வெறும் மதிப்பீடு.

மிதமா, கடுமையா என்று கண்டுபிடிப்பது சுலபம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் கடுமை. முடிந்ததும் வலது ஜாய்கானின் அடியில் உள்ள அகச்சிவப்புக் கேமரா மேல் கட்டைவிரலை வைத்தால் நாடித்துடிப்பையும் சொல்லும்.

அத்தைக்கு

என் மாமியாருக்கு 70 தாண்டிவிட்டது. "எனக்கு எதுக்குடி இந்த விளையாட்டெல்லாம்" என்று ஆரம்பித்தவர், இப்போது ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் என்ற ஆட்டத்தில் பவுலிங் போட ஆள் தேடுகிறார். 65 தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. பக்கத்தில் கனமான மர நாற்காலி ஒன்று இருக்கட்டும், சாய்ந்தால் பிடித்துக்கொள்ள. பிளாஸ்டிக் நாற்காலி கூடவே வந்துவிடும். குத்துச்சண்டையை அவர் உட்கார்ந்தபடியே போடுகிறார். புள்ளி கொஞ்சமும் குறைவதில்லை, அதற்குத்தான் கை மட்டும் தெரியுமே.

சீரியல் பார்க்கும் நேரத்துக்கும் ரிங் ஃபிட்டில் ஒரு வசதி உண்டு. ஆட்டம் ஓடாதபோதும் வளையம் தனியாக எண்ணிக்கொள்ளும், அழுத்தலும் இழுத்தலுமாக 500 வரை. அடுத்த முறை ஆட்டத்தைத் திறக்கும்போது அதற்கு உரிய பரிசைக் கொடுத்துவிடும்.

சில மாதங்கள் கழித்து

வளையத்தின் எதிர்ப்பு எப்போதும் ஒன்றுதான். கடினத்தை ஏற்றினால் எண்ணிக்கைதான் கூடும், வளையம் இறுகாது. ஒரு கட்டத்துக்கு மேல் கைக்கும் தோளுக்கும் அது போதாது. அப்போது கதையை நிறுத்த வேண்டியதில்லை, வளையம் செய்யாததை வெளியே செய்யுங்கள். வாரம் இரண்டு நாள் சுவரில் கை வைத்துப் புஷ்-அப், அது சுலபமானதும் மேசை விளிம்பில், அப்புறம் தரையில். ஸ்குவாட்டுக்கு எடை வேண்டுமென்றால் முதுகில் ஒரு பை மாட்டிக்கொண்டு ஆடலாம், வளையம் கையிலேயே இருக்கும். இரண்டு கிலோவில் ஆரம்பியுங்கள், வலி இல்லையென்றால் அடுத்த வாரம் ஒரு கிலோ கூட்டுங்கள். நான் மகளின் ஸ்கூல் பையைத்தான் எடுக்கிறேன், ஆனால் பாதிப் புத்தகத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு.