ஊர் 911 மையத்தைப் புதுப்பிக்க யாரிடம், எப்படிப் பணம் கேட்பது?

அமெரிக்காவில் இருக்கிறீர்களா? உங்கள் ஃபோன் பில்லை எடுத்து, வரியும் கட்டணமுமாக நீளும் அந்தக் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அவசர உதவிக்கு அழைக்கும் 911இன் பெயரில் ஒரு சின்னக் கட்டணம் இருக்கும். நியூஜெர்சியில் ஒரு இணைப்புக்கு மாதம் 90 சென்ட். சிகாகோவில் 2018இல் அதை 5 டாலராக ஏற்றினார்கள். மிசௌரியில் 2018இல் சட்டம் மாறும்வரை செல்ஃபோனுக்கு இந்தக் கட்டணமே கிடையாது. நியூஜெர்சியில் நாலு ஃபோன் இருக்கும் வீடு வருடத்துக்கு 43 டாலர் 20 சென்ட் கட்டுகிறது, பெரும்பாலும் தெரியாமலேயே. உங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அந்த அழைப்புகளை எடுக்கும் 911 மையம் பழைய கருவிகளோடு தள்ளாடுகிறது, ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் ஆரம்பம் இங்கேதான். புதுசாகப் பணம் கேட்பதற்கு முன்னால், ஏற்கெனவே கொடுத்த பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

அதைக் கண்டுபிடிப்பது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. 2008இல் வந்த ஒரு சட்டப்படி எஃப்.சி.சி. (மத்திய தொலைத்தொடர்பு ஆணையம்) ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்கிறது. எந்த மாநிலம் 911 பெயரில் எவ்வளவு வசூலித்தது, அதில் எவ்வளவு வேறு செலவுக்குப் போனது என்று மாநிலவாரியாக அதில் இருக்கும். பணத்தைத் திருப்பிவிடும் மாநிலங்கள் என்று நியூஜெர்சியும் நியூயார்க்கும் பல வருடங்களாக அதில் பெயர் வாங்கியிருக்கின்றன. உங்கள் மாநிலமும் அந்தப் பட்டியலில் இருந்தால் கவுண்டி கூட்டத்தில் மட்டும் கத்திப் பிரயோஜனமில்லை, மாநில சட்டமன்ற உறுப்பினரையும் பிடிக்க வேண்டும். இன்னொரு விஷயம், 911க்கான மத்திய மானியத்துக்கு விண்ணப்பிக்கும் மாநிலம் இப்படிப் பணத்தைத் திருப்பவில்லை என்று உறுதி தர வேண்டும். அதனால் திருப்பிவிடும் மாநிலத்துக்கு இரட்டை நஷ்டம், அந்த உறுப்பினரிடம் பேசும்போது இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

சரி, எதைப் புதுப்பிக்கக் கேட்பது? பல மையங்கள் இன்னமும் செம்புக் கம்பிக் காலத்து அமைப்பில்தான் அழைப்பை வாங்குகின்றன. குரல் வரும், கூடவே கொஞ்சம் தகவல் வரும், அவ்வளவுதான். நீங்கள் கவுண்டி எல்லையில் நின்று கூப்பிட்டால் எந்த செல் கோபுரம் பிடித்ததோ அதை வைத்து அழைப்பு பக்கத்துக் கவுண்டிக்குப் போய், அங்கிருந்து மாற்றிவிட்டு, அதற்குள் பொன்னான நேரம் போய்விடும். அடுத்த தலைமுறை 911 என்று இந்தத் துறையினர் சொல்வது இந்த முழு அமைப்பையும் இணைய வழிக்கு மாற்றுவது. இருக்குமிடம் சரியாகத் தெரியும், படம் அனுப்பலாம், ஒரு மையம் முடங்கினால் அழைப்பை இன்னொரு மையம் எடுக்கலாம். இதை நாடு முழுக்கச் செய்ய 950 கோடி முதல் 1,270 கோடி டாலர் வரை ஆகும் என்று 2018இல் மத்திய அரசே ஒரு மதிப்பீடு கொடுத்தது. அப்புறம் 2019இல் வந்த மத்திய மானியம் எவ்வளவு தெரியுமா? 34 மாநிலங்களுக்கும் இரண்டு பழங்குடி அரசுகளுக்கும் சேர்த்து சுமார் 10.9 கோடி டாலர். ஆகவே வாஷிங்டன் கொடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

மனு எழுதுவதற்கு முன் மையத்தின் நிலைமையை எண்களாகக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்க வழிசெய்யும் பொதுப் பதிவுச் சட்டம் எல்லா மாநிலத்திலும் உண்டு. நியூஜெர்சியில் ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நான் கேட்கச் சொல்வது இவைதான்: போன வருடம் எத்தனை அழைப்பை 15 விநாடிக்குள் எடுத்தார்கள் (90 சதவீதம் எடுக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் தரம்), எத்தனை அழைப்பு வேறு மையத்துக்கு மாற்றப்பட்டது, எத்தனை பணியிடம் காலி, ஓவர்டைம் செலவு எவ்வளவு, போலீஸையும் ஆம்புலன்ஸையும் அனுப்பும் டிஸ்பாட்ச் மென்பொருள் எந்த வருடம் வாங்கியது, குறுஞ்செய்தியில் 911ஐ அழைக்க முடியுமா. கடைசியில் நம்மவர்களுக்காக ஒன்று: மொழிபெயர்ப்பாளரை எத்தனை முறை இணைத்தார்கள், தமிழுக்கு இணைக்க எவ்வளவு நேரம் ஆகிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பா பகலில் தனியாக இருக்கிற வீடுகள் நமக்குள் எத்தனை! பேச்சில் வேறெதையும்விட இந்தக் கேள்விக்குத்தான் சபையில் தலை நிமிரும்.

மையத்தின் இயக்குநரைப் போய்ப் பார்ப்பதும் நல்லது. எதிரியாகப் போகாதீர்கள். அவருக்கே பல வருடமாகப் பணம் வேண்டும், வெளியிலிருந்து யாராவது கேட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் உட்கார்ந்திருப்பார். எது அவசரம், எது தள்ளிப்போடலாம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து அதை மட்டும் கேளுங்கள். எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

பணம் எந்த வழியில் வரலாம் என்பதில் நிறைய பேர் குழம்புகிறார்கள். கருவி, கட்டடம் மாதிரி ஒருமுறைச் செலவுக்குக் கவுண்டி கடன்பத்திரம் வெளியிடலாம், மானியம் தேடலாம். ரேடியோ அமைப்பு மாதிரி பெரிய தொகைக்கு விற்பனை வரியை வாக்கெடுப்புக்கு விடலாம். சியாட்டிலுக்கு வடக்கே ஸ்னோஹோமிஷ் கவுண்டியில் 2018 நவம்பரில் அப்படித்தான் 0.1 சதவீதம், அதாவது 10 டாலர் பொருளுக்கு ஒரு சென்ட், மக்கள் வாக்களித்துப் போட்டுக்கொண்டார்கள். சின்னச் சின்ன ஊர்கள் தனித்தனி மையம் வைத்திருந்தால் அவற்றை இணைப்பதும் ஒரு வழி, மாநிலங்கள் அதற்கென்று மானியம் கொடுப்பதும் உண்டு. ஆனால் உள்ளூர் அரசியல் அதில் சூடாக இருக்கும், தயாராக இருங்கள்.

எல்லோரும் கோட்டைவிடுவது வருடாவருடம் வரும் செலவில்தான். மென்பொருள் உரிமம், பராமரிப்பு ஒப்பந்தம், வரைபடத் தரவைத் திருத்திக்கொண்டே இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆள். மானியத்தில் பளபளவென்று கருவி வந்து இறங்கும், மூன்றாவது வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பணமிருக்காது. அழைப்பை எடுப்பவர் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துவிட்டு அடுத்த நாளும் ஓவர்டைமுக்கு வரவேண்டியிருந்தால் எந்தப் புது அமைப்பும் காப்பாற்றாது. அதனால் உங்கள் கோரிக்கையில் ஐந்து வருடச் செலவைக் கேளுங்கள், முதல் வருடத்தை மட்டும் அல்ல. சம்பளத்துக்கு மானியத்தை நம்பாமல் பட்ஜெட்டிலேயே நிரந்தரச் செலவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கவுண்டியை நடத்தும் கமிஷனர்கள் செலவைக் கண்டு தயங்கினால் 2024 ஜூலையில் எஃப்.சி.சி. கொண்டுவந்த விதியை எடுத்துப் போடுங்கள்: மையம் தயாராகி முறைப்படி கேட்டால், அழைப்பை இணைய வடிவில் குறிப்பிட்ட இடம்வரை கொண்டுவந்து சேர்க்கும் செலவு தொலைபேசி நிறுவனங்களின் தலையில். குறுஞ்செய்தி விஷயத்திலும் மையம் கேட்டால் ஆறு மாதத்துக்குள் அவர்கள் அதைச் செய்து தர வேண்டும். பல இடங்களில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நேரம் முக்கியம். பட்ஜெட் பொதுவிசாரணை நாளன்று போனால் எல்லாம் முடிந்திருக்கும், சும்மா கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்கள். நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும் கவுண்டியில் முந்தைய இலையுதிர்காலத்திலேயே துறைகள் தங்கள் பட்டியலைக் கொடுத்துவிடும், ஜூலையில் தொடங்கும் இடத்தில் குளிர்காலத்தில். அதற்கு முன் போய்விடுங்கள். பொதுமக்கள் பேசும் நேரத்தில் வழக்கமாக ஆளுக்கு மூன்று நிமிடம்தான், ஆகவே ஒரே பேச்சைப் பத்துப் பேர் பேசாமல் ஒருவர் எண்களை, ஒருவர் மொழி விஷயத்தை, புது குடியிருப்பில் இருக்கும் ஒருவர் தன் தெரு வரைபடத்தில் ஏறியிருக்கிறதா என்ற கேள்வியை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சங்கத்துக்கு வெளியேயும் ஆள் சேருங்கள், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

குடியுரிமை இல்லாதவர்கள் கூட்டத்தில் பேசலாமா என்று எப்போதும் ஒரு பயம். தாராளமாகப் பேசலாம், கடிதம் எழுதலாம், பதிவுகளைப் பெரும்பாலான மாநிலங்களில் கேட்டு வாங்கலாம். வாக்களிக்கக் கூடாது, வாக்காளராகப் பதிவும் செய்யக் கூடாது. எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் எந்த வேட்பாளருக்கும் நன்கொடை தரக்கூடாது. வரி வாக்கெடுப்புப் பிரச்சாரத்துக்குப் பணம் தருவதைப் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது, அதையும் விட்டுவிடுங்கள், உழைப்பைக் கொடுங்கள்.

பணம் ஒதுக்கியாயிற்று என்றால் கொஞ்ச மாதம் கழித்து இன்னொரு பதிவுக் கோரிக்கை போடுங்கள். டெண்டர் விட்டார்களா, காலிப் பணியிடம் எத்தனை நிரம்பியது, 15 விநாடிக் கணக்கு ஏறியதா என்று அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டால் பழைய பதிலோடு ஒப்பிடச் சுலபமாக இருக்கும்.