பொன்னாடை போர்த்தாமல் ஓர் ஊர்க்குழு கூட்டுவது எப்படி

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் புரியும். காரைக்குடியைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெரியவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவதுதான் எங்கள் அமைப்பின் வேலை. மாதம் இரண்டு முறை இருவரும் சந்தித்துப் பேசுவார்கள். அடுத்து என்ன படிக்கலாம், கணக்கு ஏன் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது, அப்பா ஏன் வேலைக்குப் போகச் சொல்கிறார், எல்லாம்தான். மூன்றாம் வருடம், ஊரில் பெரிய மனிதர்களைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு போட்டால் அமைப்புக்குப் பலம் என்று யாரோ சொல்ல, 22 பேரைக் கூப்பிட்டோம். பேனர் அடித்து, எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினோம். சீப்புச் சீடையும் காபியும் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவர்கள் 4 பேர், அதில் ஒருவர் கண் பரிசோதனை முகாம் என்று நினைத்து வந்தவர். மினிட்ஸ் நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் சிரிப்பு வரும்: முதல் பக்கத்தில் 22 கையெழுத்து, அடுத்த பக்கத்தில் "நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது". நடுவில் ஒன்றுமே இல்லை.

வந்தவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. என்ன வேலை செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியாது.

இந்தக் குழு எதற்கு

நிர்வாகக் குழு வேறு, ஊர்க்குழு வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் அப்புறம் சண்டைதான். நீங்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்த சங்கம் என்றால், நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும், பதவிக்காலம் 3 வருடத்தைத் தாண்டக் கூடாது, கணக்குக்கும் வழக்குக்கும் அவர்கள்தான் பொறுப்பு. ஊர்க்குழு காசோலையில் கையெழுத்துப் போடாது, ஊழியரை வேலையை விட்டு நிறுத்தாது. வழிகாட்டிகளைத் தேடித் தருவது, நம்மால் தட்ட முடியாத கதவைத் தட்டித் திறந்துவிடுவது, சேர்த்துவிட்ட ஜோடிகள் பாதியில் பிரியாமல் பார்த்துக்கொள்வது, இந்த மூன்றும்தான் அதன் வேலை.

மூன்றாவதுதான் முக்கியம். 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்குள் வழிகாட்டி விட்டுப் போய்விட்ட பிள்ளைகளுக்குத் தன்மேலேயே இருந்த மதிப்பு முன்பைவிடக் குறைந்துபோனதாகத் தெரிந்தது. அதாவது அரைகுறையாகச் செய்தால், செய்யாமல் இருப்பதைவிட மோசம். எங்களிடம் ஒருங்கிணைப்பாளர் ஒரே ஒருவர், ஜோடிகள் 40க்கு மேல். எது ஆடுகிறது என்று அவர் ஒருவரால் எப்படிப் பார்க்க முடியும்?

யாரைக் கேட்பது

7 பேர் போதும், 9க்கு மேல் வேண்டாம். பெயரைப் பார்க்காதீர்கள், ஊரில் யாருக்கு யாரைத் தெரியும் என்று பாருங்கள். இன்னொன்றையும் பட்டென்று சொல்லிவிடுகிறேன்: செட்டிநாடு என்றதும் பெரிய வீடுகளும் அதன் சொந்தக்காரர்களும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள், ஆனால் நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கண்டாங்கி நெய்கிற வீட்டிலிருந்தும், கொத்தனார் வீட்டிலிருந்தும், வானம் பார்த்த பூமியில் விவசாயம் பார்க்கிற வீட்டிலிருந்தும் வருகிறவர்கள். குழுவில் எல்லாரும் ஒரே சாதி, ஒரே தெரு என்றால் அந்த வீடுகளின் நிலவரம் யாருக்கும் தெரியாது. எங்கள் இப்போதைய குழுவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், சிக்ரியில் (இங்கே இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வேலை பார்த்த ஒருவர், பலகாரம் போட்டு விற்கிற அக்கா ஒருவர், மருந்துக்கடைக்காரர், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர், சென்னையிலிருந்து திரும்பி வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி ஒருவர், அப்புறம் எங்களிடமே முன்பு வழிகாட்டி வைத்திருந்து இப்போது கல்லூரியில் படிக்கிற தம்பி. அந்தத் தம்பி இல்லாமல் குழு போடாதீர்கள். மற்ற ஆறு பேரும் ஊகிப்பதை அவன் நேரில் பட்டிருக்கிறான்.

போனில் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வருகிற பதில் வேறு. கேட்கும்போது மொத்தமாக "உங்க ஆதரவு வேணும்ணே" என்று கேட்டால் "அதுக்கென்ன, தாராளமா" என்பார்கள், அதோடு சரி. டைல்ஸ்காரரிடம் நாங்கள் போனபோது, "நான் எட்டாவதுதான் படிச்சேன், நான் என்னத்தச் சொல்ல?" என்றார். குழுவுக்கு வாருங்கள் என்று அன்று கேட்கவே இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நான்கு சனிக்கிழமை பட்டறைக்கு வந்து பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டோம். பையன் போனான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஊற்றி, கோடு கலையாமல் அச்சைத் தூக்குவதற்கு மணிக்கட்டு எப்படித் திரும்ப வேண்டும் என்று அவர் காட்டியிருக்கிறார். மூன்றாவது வாரம் பையன் தூக்கிய அச்சில் பூவின் ஓர் இதழ் மட்டும் வழிந்துவிட்டது. அந்தக் கல்லை அவர் தூக்கிப் போடவில்லை. பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, கண்ணாடியைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார். நான்காவது வாரம் அவரே போன் செய்து, "அடுத்து யாரையாச்சும் அனுப்புறீங்களா?" என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான் குழுவைப் பற்றிப் பேசினோம்.

கேட்கிற கேள்வி இப்படி இருக்கட்டும்: ஒரு வருடம், மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், உங்கள் பொறுப்பில் ஆறு ஜோடிகள், வருடத்துக்கு இரண்டு புது வழிகாட்டிகளைக் கூட்டிவர வேண்டும். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடலாம், மனஸ்தாபம் இல்லை. இதை ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டாம் பக்கம் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. நகரத்தார் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு ஆணையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுகிற வழக்கம் எல்லாருக்கும் தெரியும். அதில் எனக்குப் பிடித்தது, பெரிய பணக்காரருக்கும் சாதாரணக்காரருக்கும் ஒரே புள்ளி என்பது. (பெண்களைத் தனிப் புள்ளியாக எண்ணாததை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) எங்கள் குழுவிலும் அதே கணக்குதான். சிக்ரிக்காரருக்கும் ஆறு ஜோடி, பலகாரக்கார அக்காவுக்கும் ஆறு ஜோடி.

தலைவர் யார் என்பதில்தான் பல குழுக்கள் உடைகின்றன. நாட்டரசன்கோட்டையில் தை மாதச் செவ்வாய்ப் பொங்கலுக்கு முதல் பானை யாருடையது என்று சீட்டுப் போட்டுத்தானே எடுக்கிறார்கள்? நாங்களும் சீட்டுப் போட்டோம். ஒரு வருடம் ஒருவர், அடுத்த வருடம் அவர் பெயரை விட்டுவிட்டு மறுபடி சீட்டு. கௌரவத் தலைவர், காப்பாளர், புரவலர் எல்லாம் கிடையாது. இரண்டு பேர் இதனால் வரவில்லை, நல்லதாகப் போயிற்று.

கூட்டம்

தேதியை வருடத் தொடக்கத்திலேயே பன்னிரண்டு மாதத்துக்கும் குறித்துவிடுங்கள், ஆனால் ஊர்க் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறியுங்கள். தைப்பூசத்துக்குப் பாதி ஊர் பழனிக்கு நடந்துகொண்டிருக்கும்போது கூட்டம் போட்டால் யார் வருவார்? மார்ச்சில் பொதுத் தேர்வு, பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் தொடவே கூடாது. வெளியூரில் இருப்பவர்கள் கல்யாணம், கோயில் விசேஷம் என்று வருகிற மாதங்களில் ஒரு கூட்டம் வையுங்கள், புது வழிகாட்டிகள் கிடைப்பது அப்போதுதான்.

கூட்டத்தில் வரவேற்புரை வேண்டாம். ஒவ்வொருவரும் தன் ஆறு ஜோடியைப் பற்றி நான்கு நான்கு நிமிடம் பேசட்டும்: கடைசியாக எப்போது சந்தித்தார்கள், எது ஆடுகிறது. இதில்தான் குழுவின் உண்மையான பயன் வெளியே வரும். ஒரு மழைக்காலத்தில் ஒரே கிராமத்தைச் சேர்ந்த ஆறு பெண் பிள்ளைகள் சனிக்கிழமை மாலைச் சந்திப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதியே வைத்துவிட்டோம். பலகாரக்கார அக்கா அதைக் கேட்டுவிட்டு, "ஆர்வமா? அந்த ஊருக்குக் கடைசி பஸ்ஸே ஏழு மணிக்குத்தான், எறங்கி கம்மாக்கரையில ஒரு மைல் இருட்டுல நடக்கணும், எந்த வீட்டுல பொம்பளப்புள்ளைய அனுப்புவாக?" என்றார். அவர் முறுக்கு கொண்டுபோகிற பஸ் அதுதான். சந்திப்பை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றினோம், ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். ஆறாவது பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து, பள்ளியிலேயே மதிய இடைவேளையில் சந்திக்க ஏற்பாடு செய்ததும் குழுதான், தலைமையாசிரியை ஒரு போன் போட்டார், முடிந்தது.

வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே ஒரு விதி: காலை வணக்கமும் பிள்ளைகளின் போட்டோவும் போடக் கூடாது.

பணமும் பாதுகாப்பும்

இங்கே மலேசியா, சிங்கப்பூர் சொந்தம் இல்லாத தெரு குறைவு, குழு கூடினதும் யாராவது "எங்க மச்சான்கிட்ட சொல்றேன், அனுப்பிடுவார்" என்பார். பொறுங்கள். மச்சான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து தன் சேமிப்பிலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், கானாடுகாத்தானிலேயே பிறந்தவராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவர் பணத்தைத் தொடக் கூடாது. உறுப்பினர் யாரும் தன் கணக்கில் வாங்கி மாற்றிவிடவும் கூடாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது, அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு யாராவது பாலியல் தொந்தரவு கொடுத்ததாகக் காதில் விழுந்தால், ஊர்க்குழு அதைப் பேசி முடிக்கக் கூடாது. பெரிய மனிதர்கள் கூடியிருக்கிற இடத்தில் "வெளிய போனா புள்ளைக்குத்தான் அசிங்கம், நாமளே கூப்பிட்டுக் கண்டிச்சிடுவோம்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும், அதுவும் நல்ல எண்ணத்தோடுதான் வரும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். இதை முதல் கூட்டத்திலேயே வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். குழு உறுப்பினரானாலும் வழிகாட்டியானாலும் பிள்ளையைத் தனியாகத் தன் வீட்டுக்கு அழைக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். யாராவது "எங்களையே சந்தேகப்படுறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

விலகுகிறவர்கள்

மகள் பிரசவம், கால் வலி, கடை வேலை என்று ஆட்கள் விலகத்தான் செய்வார்கள். மூன்று கூட்டம் தொடர்ந்து வராதவரிடம் தலைவர் நேரில் போய், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிவிட வேண்டும், வாட்ஸ்அப்பில் நீக்கிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளக் கூடாது, நாளைக்கு ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். அவருடைய ஆறு ஜோடியை அதே வாரம் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டம் வரை காத்திருந்தால் அதற்குள் இரண்டு ஜோடி பிரிந்திருக்கும்.

பக்கத்து ஊரில் இரண்டாவது குழு போட அவசரப்படாதீர்கள். முதல் குழுவில் ஒருமுறையாவது தலைவர் மாறி, வேலை நிற்காமல் நடக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அதற்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போது தேவகோட்டையில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், காரைக்குடிக்காரர்கள் யாரையும் அங்கே அனுப்பவில்லை, அந்த ஊர்ப் பஸ் நேரம் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். இதுவரை நான்கு திண்ணை ஏறியிருக்கிறோம், இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.