"பழகிவிடும்" என்ற பயம்: மார்ஃபினிலும் பேட்சிலும் நாம் செய்யும் தவறுகள்

அப்பாவின் புற்றுநோய் எலும்புக்குப் பரவியபோது மருத்துவர் கடும் வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று சீட்டில் தெளிவாக இருந்தது. வீட்டில் நடந்தது வேறு. "தாங்க முடியாதபோது மட்டும் கொடுப்போம், பழகிவிட்டால் என்ன செய்வது?" என்று அம்மா அட்டையை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. அப்பா இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓயாத வலிக்கு, பழைய மாத்திரை அடங்கும் நேரத்தில் அடுத்தது உள்ளே போயிருக்க வேண்டும். இடையில் திடீரென்று கிளம்பும் வலிக்குத் தனியாக ஒரு டோஸ் எழுதுவார்கள். பொதுவாக நாள் முழுவதற்குமான அளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை. அது எத்தனை முறை தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டோஸைக் கூட்டலாமா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்தக் கணக்கு பெரிதும் உதவும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் மெதுவாகக் கரையும் மாத்திரையை மட்டும் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அரை நாளுக்கான மருந்து ஒரே வீச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

எங்கள் குழப்பத்துக்கு ஒரு காரணம் "பழக்கம்" என்ற சொல். மூன்று வெவ்வேறு விஷயங்களுக்கு நாம் இந்த ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். நாளடைவில் அதே அளவு முன்போல் வேலை செய்யாமல் போவது ஒன்று. மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை வருவது இன்னொன்று. இவை இரண்டும் உடலின் இயல்பு; டோஸை மாற்றியும், படிப்படியாகக் குறைத்தும் சமாளிக்கலாம். கேடு என்று தெரிந்தும் மனம் மருந்தையே தேடி ஓடுவதுதான் அடிமைத்தனம். அது யாருக்கும் வராது என்று சொல்லமாட்டேன். முன்பு மது அல்லது போதைப் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் புற்றுநோயாளிக்கு டோஸ் கூடினால் அடிமையாகிவிட்டார் என்று பொருளல்ல. பல நேரங்களில் நோய் வளர்ந்து வலி கூடியிருக்கும்.

தொடக்கத்தில் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மலச்சிக்கல் தணியாது. அதற்கு உடல் பழகுவதே இல்லை என்று சொல்லலாம். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்.

தோலில் ஒட்டினால் மருந்தை மெல்ல உடலுக்குள் இறக்கும் பேட்ச் விஷயத்தில் தவறு இன்னும் எளிதாக நேர்கிறது, ஏனென்றால் அது பார்ப்பதற்குப் பிளாஸ்திரி போல இருக்கிறது. மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் என்ற மருந்தின் பேட்சில் 25 என்று போட்டிருந்தால், மணிக்கு 25 மைக்ரோகிராம் என்று பொருள். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60 முதல் 90 மில்லிகிராம் வரை மார்ஃபினை வாய்வழி உட்கொள்வதற்குச் சமம். அதனால்தான் இவ்வகை மருந்துக்குப் பழகாத உடலில் இதை ஒட்டக் கூடாது. ஒட்டிய உடனே வலி குறையாது. பலன் தெரியவே 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். "வேலை செய்யவில்லை" என்று இரண்டாவதாக ஒன்றை ஒட்டுவது உயிருக்கே ஆபத்து. எடுத்த பிறகும் தோலுக்குள் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டேயிருக்கும்; ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே 17 மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். பொதுவாக மூன்று நாளுக்கு ஒருமுறை, வேறு இடத்தில் மாற்றி ஒட்ட வேண்டும். இதே வகையில் வேறொரு மருந்தான பியூப்ரநார்ஃபின் பேட்ச் என்றால் ஏழு நாள் வரும் வகையும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒட்டிய தேதியையும் நேரத்தையும் நாட்காட்டியில் எழுதுங்கள்.

சூடு இதற்குப் பகை. வெந்நீர் ஒத்தடம் தருவது நம் வீடுகளில் கைவந்த வழக்கம். பேட்ச் இருக்கும் இடத்தில் அதைச் செய்தால் மருந்து வேகமாக உள்ளே போகும். கடும் காய்ச்சலிலும் அப்படியே. காய்ச்சல் வந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கத்தரித்துப் பாதியை ஒட்டுவதும் கூடாது.

இன்னொரு தவறு அதிகம் பேசப்படுவதில்லை. ஏதோ காரணத்தால் மருந்து சில நாட்கள் நின்றுபோனால், உடல் பழகிய தன்மையை இழக்கத் தொடங்கும். பழைய அளவிலேயே மீண்டும் ஆரம்பித்தால் அது அளவு மீறிய மருந்தாகிவிடலாம். மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மதுவும், மருத்துவருக்குத் தெரியாமல் போடும் தூக்க மாத்திரையும் மூச்சை இன்னும் அடக்கும். எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், மூச்சு மிக மெதுவாவது, கண்பாவை ஊசிமுனையளவு சுருங்குவது ஆகியவை தெரிந்தால், பேட்சை எடுத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்பா போன பிறகு இரண்டு பேட்ச் மீந்திருந்தன. முழங்கால் வலிக்கு ஒன்று தரும்படி பெரியம்மா கேட்டார். அவர் அதுவரை பாராசிட்டமாலைத் தாண்டி எதுவும் சாப்பிட்டதில்லை. மறுத்தபோது அவருக்கு வருத்தம்தான். பயன்படுத்திய பேட்சிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து மிச்சமிருக்கும் என்று செவிலியர் எங்களிடம் சொல்லியிருந்தார். பழையவற்றை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து ஒரு டப்பாவில் பூட்டி வைத்திருந்தோம். அந்த டப்பாவையும், பிரிக்காத இரண்டு பேட்சையும், மீந்த மாத்திரை அட்டையையும் கொண்டுபோய் மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.